சிவப்பு அட்டை கட்டிய சர்வசுகந்தி

சசிரேகாவுக்குக் கோபம் வந்தால் வாய் நின்றுவிடும், கை கோரை பிடுங்க ஆரம்பித்துவிடும். ஒரகடத்தில் அவள் தோட்ட வேலை பார்க்கும் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புல்வெளி பளிச்சென்று இருந்தால் ஏசி அறையில் இருப்பவர்கள், தோட்டத்தை நன்றாகத்தான் கவனிக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள் மட்டும், இன்றைக்கு யார் மாட்டினார்களோ என்று ஓரமாக நடப்பார்கள். அந்தக் கார்த்திகை மாதத்து மத்தியானம் கேட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் மருந்துக்கு ஒரு கோரை இல்லை. அவள் கை அடுத்து செம்பருத்தி வேலிப் பக்கம் போகப் பார்த்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு மரம். சரியாகச் சொன்னால் மரத்தில் தொங்கிய ஒரு சிவப்பு அட்டை. அந்த அட்டையைக் கட்டிய பாவி யார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சசிரேகா என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

மண்ணூர்க்காரி அவள். கல்யாணமான புதிதில் நாற்று நட்டாள். நட்ட வயலில் குடோன் எழுந்தது. சரி என்று அந்தக் குடோனிலேயே அட்டைப்பெட்டி மடித்தாள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க ஒயர் சொருகினாள். ஒருநாள் கண்ணைப் பரிசோதித்தார்கள். பார்வை மங்கல், போய் வா என்றார்கள். அந்த ஒயரைப் பார்த்துப் பார்த்துத்தானே மங்கியது என்று அவள் கேட்டாள். கேட்டது யார் காதிலும் விழவில்லை. அங்கே இரைச்சல் அதிகம். புருஷன் சுப்பிரமணி ஓட்டும் கம்பெனி வேனில் ஏறி இறங்குபவர்களிடம் சொல்லிவைத்து, கடைசியில் ஒரு காண்டிராக்டர் மூலமாக இந்தத் தோட்ட வேலை கிடைத்தது. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி இது. கதவைச் சாத்தினால் 'டொப்' என்று மெத்தென்று சத்தம் வருகிறதே, அந்த மெத்து இங்கிருந்துதான் போகிறது.

கம்பெனிக்குள் இரண்டு சாதி உண்டு. நீலச் சட்டை பர்மனென்ட். பச்சைச் சட்டை காண்டிராக்ட். பச்சைக்குக் கேன்டீனில் சாப்பாடு கிடையாது. அது போகட்டும், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைக் கேன்டீன் மேஜையில் வைத்துத் திறக்கவும் கூடாது. நீலம் சாப்பிட்டு முடித்து, மேஜையைப் பச்சை துடைத்து முடித்த பிறகு, பச்சை எங்கேயாவது போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அந்த 'எங்கேயாவது' எங்கே என்று எந்த போர்டிலும் எழுதவில்லை.

சசிரேகாவும் கூட வேலை பார்க்கும் லூர்தம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் சாப்பிட்டது கேன்டீனுக்குப் பின்னால், ஒரு சர்வசுகந்தி மரத்தடியில்.

அந்த மரம் வந்ததே தவறி வந்த கதைதான். பல வருஷம் முன்பு நர்சரி லாரியில் அழகுச் செடிகள் வந்து இறங்கியபோது, நடுவில் ஒரு கன்று மட்டும் ஒட்டாமல் நின்றது. இலையைக் கசக்கினாள் சசிரேகா. கிராம்பு அடித்தது, பட்டை அடித்தது, கொஞ்சம் ஜாதிக்காயும் அடித்தது. பிரியாணிக் கடை வாசலில் நிற்பதுபோல் பசித்தது. திருப்பி அனுப்பச் சொன்னார்கள். லாரி போய்விட்டது என்றாள். லாரி அப்போது கேட்டில்தான் நின்றது. கன்றைக் கேன்டீன் பின்பக்கம் கொண்டுபோய் நட்டுவிட்டாள்.

சர்வசுகந்தி அவசரப்படாத மரம். முதல் இரண்டு வருஷம் வளர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. மழைக்காலத்தில் வேரில் தண்ணீர் நின்றால் முகம் சுளிக்கும் என்பதால் அவள் மேடு கட்டி, ஓரமாக ஒரு வாய்க்கால் கீறிவிட்டாள். பிறகு ஒரு கோடையில் திடீரென்று நிமிர்ந்தது. பட்டை மெல்லிசாக உரிந்து, உள்ளே வழவழவென்று வெளுப்பு. இலை எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எந்த மாதமும் கொட்டித் தீர்க்காது. பூத்ததாக ஞாபகம் இல்லை, ஒற்றை மரமாக நிற்பதால் காய்க்கவும் இல்லை. நிழலும் வாசனையும் மட்டும் கொடுத்தது. ரப்பர் வேகிற நாற்றத்தில் எட்டு மணி நேரம் கிடப்பவர்களுக்கு அந்த 'மட்டும்' கொஞ்சமா?

இனி அட்டைக்கு வருவோம். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் சுத்தம் செய்யும் திருவிழா ஒன்று நடக்கும். தேவையில்லாத பொருள் எங்கே கிடந்தாலும் அதில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டைக்கு ஒரு நம்பர், கட்டியதற்கு ஒரு காரணம். ஒரு மாதத்துக்குள் யாரும் 'எனக்கு வேணும்' என்று கேட்டு வராவிட்டால் பொருள் ஸ்கிராப்புக்குப் போய்விடும். இதில் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு செக்‌ஷனும் கட்டாயம் அட்டை கட்டியே ஆக வேண்டும். எங்களிடம் எல்லாம் தேவையானதுதான் என்று சொன்னால், நீங்கள் தேடவில்லை என்று அர்த்தம்.

தோட்டத்து சூப்பர்வைசர் ரகு, காண்டிராக்டரின் ஆள். சசிரேகாவின் தெருவுக்கு அடுத்த தெரு. மூக்கு ஒழுகத் திரிந்த காலத்திலிருந்து அவனை அவளுக்குத் தெரியும். அவன் கையில் அட்டைக் கட்டோடு வந்து நின்றான்.

"சசியக்கா, நம்ம செக்‌ஷன்ல இன்னும் ஒண்ணுகூட கட்டல. மேல கேக்கறாங்க."

"போன வருசம் கட்டுனது பத்தாதா? நல்ல கடப்பாரையத் தூக்கினு போனீங்க. துருவாம். துரு புடிக்காத கடப்பாரை உங்க வூட்ல கீதாடா? இப்ப எங்க வூட்லர்ந்து எட்த்தாந்து குழி தோண்டினு கீறேன்."

"அதெல்லாம் என்னைக் கேக்காதக்கா. எதுலனா ஒண்ணு கட்டிவுடு. யாரு பாக்கப் போறாங்க?"

"எதுல வேணா கட்லாமா?"

"எதுல வேணா."

சசிரேகா சுற்றிலும் பார்த்தாள். மண்வெட்டி, பூவாளி, ஓஸ் பைப் எல்லாம் வேண்டியவை. இந்த வருஷம் ஒன்றையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தூக்கிக்கொண்டு போகவே முடியாத பொருள் எது? அட்டையை வாங்கி, நேராகப் போய் சர்வசுகந்தியின் தாழ்ந்த கிளையில் கட்டினாள். லூர்தம்மாள் சோற்றுப் பருக்கை புரையேறச் சிரித்தாள்.

"காரணம் இன்னா எழுதறதுக்கா?" என்றான் ரகு. அவனுக்கும் சிரிப்புத்தான்.

"எழுதிக்கோ. பூக்காது, காய்க்காது, சும்மா நின்னுகினு கீது. உன்ன மாதிரி."

கடைசி இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு நேரத்தில் மரத்தைப் பார்த்து, "இன்னாடி, இன்னும் போவலியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் கார்த்திகை மத்தியானம் ரகு வந்தான். முகம் கழுவாதவன்போல் இருந்தான்.

"அக்கா, மரத்த எடுக்கச் சொல்லி வந்துடுச்சி."

"எந்த மரத்த?"

"நீ கட்டுன மரத்ததான். காலைல மீட்டிங்ல பெரிய ஸ்கிரீன்ல போட்டாங்க. பூக்காது, காய்க்காது, சும்மா நிக்குதுன்னு வாசிச்சாங்க. கரெக்ட்தானேன்னு சொல்லிட்டாங்க. பொங்கலுக்கு அப்புறம் வெளிநாட்டுலர்ந்து ஆளுங்க வராங்க. அந்த வழியாத்தான் கூட்டினு போறாங்களாம். லைன் டூல மதிவதனின்னு ஒரு பொண்ணு சஜஷன் எழுதிப் போட்டுகீது, அந்த எடத்துல சிவப்பு சால்வியா பாத்தி வெக்கலாம்னு. ரெண்டையும் சேத்து ஓகே பண்ணிட்டாங்க."

சசிரேகா விறுவிறுவென்று போய்க் கிளையில் இருந்த அட்டையின் கயிற்றைப் பிடித்தாள்.

"அவுக்காதக்கா. நம்பர் ஏறிடுச்சி. அவுத்தா என் வேலைதான் போவும்."

"அப்ப இத எப்டி அவுக்கறது?"

"எந்த டிபார்ட்மென்ட்னா எங்களுக்கு வேணும்னு கையெழுத்துப் போட்டா அவங்களுக்குப் போயிடும். மாசம் முடியறதுக்குள்ள."

"கொண்டா. நான் போடறேன்."

ரகு செருப்பைப் பார்த்தான். "நீ போட முடியாதுக்கா. பர்மனென்ட்தான் போடணும்."

"கட்டும்போது நான்தான கட்டுனேன்?"

"கட்டறதுக்கு யாரு வேணா கட்லாம்."

அதற்குப் பிறகுதான் கோரைகளுக்குக் கெட்ட காலம் வந்தது. வேண்டாம் என்று சொல்லப் பச்சைச் சட்டைக்கும் உரிமை இருக்கிறது. வேண்டும் என்று சொல்ல நீலச் சட்டை வேண்டும். இந்த ஒன்றைத்தான் அவள் ஒவ்வொரு கோரையையும் பிடுங்கும்போது திருப்பித் திருப்பி நினைத்தாள். அதிலும் எரிச்சல், வாயைக் கொடுத்து மாட்டியது தானே என்பது. மரத்தைப் பற்றி மேலே போன ஒரே வாக்குமூலம் அவள் சொன்னது; அதுவும் கிண்டலாகச் சொன்னது. கிண்டல் என்று ஒரு கட்டம் அந்த அட்டையில் இல்லை.

சால்வியாமேல் அவளுக்கு விரோதம் இருந்ததா என்றால், இல்லை. அந்தக் கம்பெனியில் சால்வியா நாற்று விட்டவளே அவள்தான். பொடி விதையை மண்ணில் புதைக்காமல் மேலாகத் தூவி, பூவாளியில் தண்ணீரை ஊதுவதுபோல் தெளித்து, நாற்று விரல் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட்டால், ஒன்றுக்கு நாலாகக் கிளைத்து மார்கழிப் பனியில் நெருப்புப் பற்றியதுபோல் நிற்கும். யாரும் பார்க்காதபோது ஒரு பூவை இழுத்து அடிக்காம்பை உறிஞ்சுவாள். துளி தேன். நல்ல செடிதான். ஆனால் மாசி பிறந்ததும் கருக ஆரம்பிக்கும், பங்குனியில் பிடுங்கிப் போட வேண்டும், மறுபடி விதை, மறுபடி நாற்று. சால்வியாவின் அடியில் யாராவது டப்பாவைத் திறந்து உட்கார முடியுமா? முழங்கால் உயரம். எறும்பு உட்காரலாம்.

மறுநாள் டீ நேரத்தில் கேன்டீன் பின்கதவைத் தட்டினாள். கேன்டீன் சமையல்காரர் ஏசுவடியான் நாகர்கோவில் பக்கத்து ஆள். கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னக்கா, மரத்துல அட்டைய கட்டிட்டு இப்பம் முழிச்சிட்டு நிக்கிய?"

"சிரிக்காத அண்ணே. நீ ஒரு கையெழுத்துப் போடு. கேன்டீனுக்கு வேணும்னு."

"போடாம இருப்பனா? எங்க ஊர்ல இது வீட்டுக்கு ஒண்ணு நிக்கும். வெள்ளிக்கிழம பிரியாணிக்கு நான் கம்பெனி தார பிரிஞ்சி இலையா போடுதேன்? அந்தக் காஞ்ச இலை வெறும் பேப்பர் கேட்டியளா. நாலு நேரமும் இதுலயிருந்துதான் பறிக்கேன். மேனேஜர்மாரு மசாலா பிரமாதம்னு சொல்லிட்டுப் போறானுவ." அவர் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா எக்கா, நானும் காண்டிராக்ட்தானே. என் கையெழுத்துல உப்புகூட வாங்க முடியாது."

"அந்த மேனேஜருங்க கைல சொல்லேன், நீங்க துன்ன மசாலா இதான்னு."

"சொன்னா, இவ்வளவு நாளும் அனுமதி இல்லாம எதைப் போட்டேன்னு முதல்ல எனக்கு அட்டை கட்டுவானுவ."

அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்து அவள் நீலச் சட்டைகளைத் தேடிப் போனாள். ஸ்டோர்ஸில் இருந்த ஆள், மரத்துக்கு பார்ட் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மெயின்டெனன்ஸில், எடுத்துக்கொண்டால் ஆயில் விடவேண்டி வருமா என்றார்கள்; அது கிண்டல். ஒருவர், நல்ல மரம்தான், பாவம்தான் என்று அரைமணி வருத்தப்பட்டுவிட்டு, கையெழுத்து என்றதும் பேனா இல்லை என்றார். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. வருத்தப்பட எல்லோரும் தயார். வருத்தத்துக்குக் கையெழுத்துத் தேவையில்லை அல்லவா?

மிச்சம் இருந்தது ஒருத்திதான். சால்வியா கேட்ட மதிவதனி.

அவளைச் சசிரேகா ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில் பிடித்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நீலச் சட்டை, தோளில் பை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். ரப்பர் பட்டையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற மேஜையில் வேலை.

"நீதான மதிவதனி? கேன்டீன் பின்னால பூ வெக்கணும்னு எழுதுனது?"

"ஆமாக்கா." முகம் மலர்ந்தது. "ஓகே ஆயிடுச்சு. என் போட்டோகூட போர்டுல போடறாங்களாம். நீங்கதான் நடுவீங்களா?"

"நடுறதுக்கு முந்தி அங்க கீற மரத்த வெட்டணுமாம். தெரியுமா?"

"மரமா?" அவள் யோசித்தாள். "ஓரமா ஒண்ணு இருக்குமே, அதுவா? அதை வெட்டணும்னு நான் எழுதலையே. காலியா இருக்கிற இடத்துல பாத்தி வைக்கலாம்னுதான் எழுதினேன்."

"இன்னான்னு எழுதுன?"

"காலி இடம்னு."

சசிரேகா கையில் இருந்த டப்பாப் பையைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, நீ எங்க உக்காந்து சாப்புடற?"

"ஜன்னல் ஓரமாதான் எப்பவும்."

"அந்த ஜன்னல்லர்ந்து பாத்தா அந்த எடந்தான தெரியும்? நீங்க கையக் கழுவினு எந்திரிக்கும்போது நாங்க டப்பாவத் தூக்கினு வர்றோமே. தெனமும் ஆறு பொம்பளைங்க அங்க உக்காந்து துன்றோம். பேசறோம், சிரிக்கிறோம், லூர்தம்மா குறட்டை வுட்டுத் தூங்குது. உனுக்கு அது காலியா தெரிஞ்சுதா?"

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். மதிவதனி ஏறவில்லை.

"பச்சைச் சட்டைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரிலயா உனுக்கு?" என்றாள் சசிரேகா. குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பஸ் ஜன்னலில் தலைகள் திரும்பின.

"அக்கா, நான் அப்படி நினைச்சு எழுதல." மதிவதனிக்கும் இப்போது கோபம் வந்தது. "நான் காலையில போனா சாயந்திரம் வரைக்கும் கருப்பையே பாத்துட்டு இருக்கேன். கருப்பு ரப்பர்ல கருப்புக் கீறலைத் தேடணும். டியூப் லைட்டு. கண்ணை மூடினாலும் கருப்புப் பட்டைதான் ஓடுது. சாப்பிடற அந்தக் கொஞ்ச நேரம் சிவப்பா ஏதாவது பாக்கணும்னு ஆசைப்பட்டேன். தேன்சிட்டு வரும்னு சொன்னாங்க. அது தப்பா?"

அந்தக் கேள்வியைச் சசிரேகா எதிர்பார்க்கவில்லை. ஒயர் சொருகிய காலத்தில், வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் பருக்கையெல்லாம் ஒயர் நுனியாகத் தெரிந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் அதற்காகக் கோபத்தை விட்டுவிடவும் மனசில்லை. நியாயம் எதிராளியிடமும் கொஞ்சம் இருந்தால் சண்டை போடுவது சிரமம்; நிறுத்துவது அதைவிடச் சிரமம்.

"தப்பில்ல. ஆசைப்படு. பூந்தொட்டில வேணும்னு கேட்ருந்தா நானே சொமந்தாந்து உன் ஜன்னலாண்ட வெச்சிருப்பேன். சால்வியா தொட்டிலயும் வரும், தரையிலயும் வரும், வெயில் மட்டும் வேணும். மூணு மாசத்துல வந்துடும், மூணு மாசத்துல பூடும். அடுத்த வருசம் வேற எடத்துல வெச்சிக்கலாம். இந்த மரத்த அப்டி வெக்க முடியுமா? இத்தினி வருசம் ஆச்சி, இப்பதான் ஆறு பேரு உக்கார்ற அளவுக்கு நெழல் வந்துகீது. வெட்டிட்டு வேற வெச்சா, நான் ரிட்டையர் ஆவற வரைக்கும் தலைல துணி போட்டுகினு துன்னணும்."

"காண்டிராக்ட்டுக்கு ரிட்டையர்மென்ட் ஏதுக்கா?" என்றாள் மதிவதனி. கிண்டலுக்குச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சசிரேகா அவளை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அது சரி. அதுகூட இல்ல."

பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். மதிவதனி நகத்தைக் கடித்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டா, என் சஜஷனை நானே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். போட்டோ போடமாட்டாங்க."

"ஆமா."

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்கா, போட்டோ வருதுன்னு."

சசிரேகா நாலு வேலை பார்த்திருக்கிறாள். ஒரு போர்டிலும் அவள் படம் வந்ததில்லை. வந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மரத்திலிருந்து பறித்துக் கையில் வைத்திருந்த ஓர் இலையைக் கசக்கி மதிவதனியின் உள்ளங்கையில் வைத்தாள். "மோந்து பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேனைத் தேடிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் ரகு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"அக்கா, மரம் தப்பிச்சிச்சி. லைன் டூலர்ந்து கையெழுத்து வந்துகீது. காரணம் இன்னா தெரியுமா போட்டுகீது அந்தப் பொண்ணு? கண் ஓய்வுக்குத் தேவை. பச்சையப் பாத்தா இன்ஸ்பெக்‌ஷன் கண்ணுக்கு நல்லதுன்னு எழுதிகீது. மேனேஜருக்கு ரொம்பப் புடிச்சிடுச்சி. பூவத் தொட்டில வெக்கச் சொல்லிட்டாங்க."

"போட்டோ?"

"அது வேற யாரோ கழிவு ரப்பர்ல கால்மிதி பண்ண ஐடியா குட்த்தாங்களாம். அவங்களுக்கு."

சசிரேகா அட்டையை அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு சால்வியா நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றினாள். நல்ல நாற்றுகளாகப் பொறுக்கி, மதிவதனி சாப்பிடுகிற ஜன்னலுக்கு நேரே, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தாள். லூர்தம்மாள்கூடக் கேட்டாள், உன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்யமாட்டாய்போல் இருக்கிறதே என்று.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது கம்பெனி.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பி வந்த அன்று, டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஆறு பேரும் கேன்டீன் பின்னால் போனார்கள். மரத்தைச் சுற்றிச் சதுரமாக மஞ்சள் கோடு. பெயின்ட் இன்னும் பளபளத்தது. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு: லைன் 2 கண் ஓய்வுப் பகுதி. லைன் 2 ஊழியர்களுக்கு மட்டும்.

லூர்தம்மாள் டப்பாவைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். பழக்கப்பட்ட வீட்டுக்குப் போய், கதவில் புதுப் பூட்டைப் பார்த்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"இன்னாடா இது?" என்றாள் சசிரேகா.

ரகு தூரத்திலேயே நின்று பேசினான். பக்கத்தில் வர அவனுக்குத் தைரியம் இல்லை. "அக்கா, கையெழுத்துப் போட்டாங்கல்ல, இப்ப அது லைன் டூ ப்ராப்பர்ட்டி. அவங்க ப்ராப்பர்ட்டின்னா கோடு போட்டுதான் ஆவணும். ரூல்."

"நட்டது யாரு?"

"தெரியும்க்கா."

"தண்ணி ஊத்துனது யாரு? வாய்க்கா வெட்டுனது யாரு? நாளைக்கும் அதுக்கு நாந்தான தண்ணி ஊத்தணும்? தண்ணி ஊத்த உள்ள போலாமா, இல்ல வெளிய நின்னு எட்டி ஊத்தணுமா?"

"தண்ணி ஊத்த போலாம்."

"துன்ன?"

ரகு வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

கோரை பிடுங்கலாம் என்றால் கோரையும் இல்லை. விடுமுறைக்கு முன்பே எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. சசிரேகா கோட்டின் ஓரமாகவே ஒரு சுற்று நடந்தாள். தை மாதம். சூரியன் தெற்கே சாய்ந்து நிற்க, மரத்தின் நிழல் மஞ்சள் கோட்டைத் தாண்டி வடக்குப் பக்கம் நீளமாக விழுந்து கிடந்தது. கோட்டுக்கு உள்ளே தண்டருகில் பாதி வெயில். வெளியே முழு நிழல். கோடு போட்டவன் காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருப்பான். மத்தியானம் வந்து பார்த்திருக்கமாட்டான்.

"உக்காருங்கடி," என்றாள்.

கோட்டுக்கு வெளியே ஆறு பேரும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். எந்த ரூலும் ரகுவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. மெதுவாக நழுவினான்.

கொஞ்ச நேரத்தில் கேன்டீன் பின்கதவு வழியாக மதிவதனி வந்தாள், கையில் டீயோடு. போர்டைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, சத்தியமா நான் இதைக் கேக்கல."

"தெரியும். போ, உள்ள போய் உக்காரு. உன் மரம்." சசிரேகா சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

மதிவதனி கோட்டின் விளிம்பில் செருப்பு படாமல் நின்றாள். "உள்ள வெயில் அடிக்குதுக்கா."

லூர்தம்மாள்தான் முதலில் சிரித்தாள். சசிரேகா சிரிக்கவில்லை. ஆனால் டப்பாவை ஒரு சாண் நகர்த்தினாள். அந்த இடத்தில் மதிவதனி நீலச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் சால்வியாக்கள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அவள் டீயைக் குடித்துக்கொண்டே, மரத்தை அண்ணாந்து பார்த்தாள், பூவையும் பார்த்தாள்.

"சித்திரை வந்தா சூரியன் தலைக்கு மேல வந்துடும்," என்றாள் சசிரேகா. "நெழல் மொத்தமும் கோட்டுக்குள்ள பூடும். அப்ப நாங்க எங்க போறது?"

"அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கேக்கா."

"இருக்குல்ல? அதுக்குள்ள இந்தக் கோட்ட அழிக்கச் சொல்லி எழுது. நான் எழுதுனா செல்லாது. உன் கையெழுத்துதான் செல்லும்." ஊறுகாயை அவள் பக்கம் தள்ளினாள். "இந்தவாட்டி காலி எடம்னு எழுதாத. நாங்க எல்லாரும் உக்காந்துகினு கீறோம்னு எழுது. பேரப் போட்டு எழுது. லூர்தம்மா குறட்டை வுடறத மட்டும் வுட்டுடு."